ஒரு மார்ஷல், இரண்டு படங்கள்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் படம் பார்க்க உட்கார்ந்தால் பெரும்பாலானவர்களுக்குக் கண் சொருகும். எனக்குச் சொருகாது. அதிலும் கௌபாய் படம் என்றால், டைட்டிலுக்கு நிமிர்ந்து உட்கார்ந்தவன் கடைசிக் குதிரை மலைக்குப் பின்னால் மறையும்வரை அசையமாட்டேன். என் மனைவி நோரா கேலி செய்வாள். "சர்ச்சுல இப்படி ஆடாம உக்காந்தா எவ்ளோ நல்லாருக்கும்" என்பாள்.

நீங்கள் தமிழ் பேசுவது எனக்கு நிம்மதி, மேடம். வெளியே பலகையில் இன்ஸ்பெக்டர் அம்ருதா என்று பார்த்தபோது கன்னடத்தில்தான் எல்லாம் சொல்ல வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். கன்னடம் எனக்கு வரும். லிங்கராஜபுரத்தில் இத்தனை காலம் குடியிருந்துவிட்டு வராமல் போகுமா? ஆனாலும் இதை வீட்டில் பேசுகிற பாஷையில் சொன்னால்தான் வரிசையாக வரும்.

நான் முதலில் கொடுத்த வாக்குமூலத்தில் சில இடங்கள் பொருந்தவில்லை என்றீர்கள். உண்மைதான். பொருந்தும்படி இப்போது சொல்கிறேன். அதற்கு முன் இரண்டு படங்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நீங்கள் இரண்டையும் பார்த்ததில்லை. பரவாயில்லை, கதை சின்னதுதான்.

அமெரிக்காவில் மேற்குப் பக்கம், சட்டம் போய்ச் சேராத ஓர் ஊரில் ஹார்லன் என்று ஒரு மார்ஷல் இருந்தார். மார்ஷல் என்றால் உங்கள் வேலைதான், குதிரையில் போய்ச் செய்வார். டட்டன் என்ற ரௌடியை அவர் நடுத்தெருவில் சுட்டுக் கொன்றார். அதோடு ஊர் அடங்கியது. அவர் பெயரும் நிலைத்தது. இந்த ஒரு சம்பவத்தை வைத்து இரண்டு படம் எடுத்திருக்கிறார்கள்.

பழைய படத்தை நானும் என் மச்சான் டிரேவரும் வாலிபத்தில் கன்டோன்மென்ட் பக்கம் ஒரு தியேட்டரில் பார்த்தோம். அப்போது அவன் எனக்கு மச்சான் ஆகவில்லை. காக்ஸ் டவுனில் அவன் வீட்டுக்கு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அதே படத்தைப் பேசியபடி நடந்துபோவோம். வாசலில் அவன் தங்கை நோரா நிற்பாள். அப்படித்தான் கல்யாணம் வரை போனது.

அந்தப் படத்தில் மார்ஷல் சவரம் செய்த முகத்தோடு தெரு நடுவில் நிற்பார். டட்டன் குதிரைக்குச் சேணம் கட்டிக்கொண்டிருப்பான், முதுகு இந்தப் பக்கம். மார்ஷல் நினைத்தால் சுட்டிருக்கலாம். சுடமாட்டார். "திரும்பு" என்பார். டட்டன் திரும்புவான். அவன் கை இடுப்புத் துப்பாக்கியைத் தொடும்வரை மார்ஷல் காத்திருப்பார். பிறகு ஒரே குண்டு. தியேட்டரில் யாரும் விசில்கூட அடிக்கவில்லை, அவ்வளவு மரியாதை. ஒரு மனிதனைக் கொல்வதில் நேர்மை என்று ஒன்று உண்டு என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ராணுவத்தில் சேர்ந்தபோதும், ஹவில்தாராக ஓய்வு பெற்று வங்கி வாசலில் சொந்தத் துப்பாக்கியோடு காவல் நின்றபோதும் அந்தத் தெருவைத்தான் நினைத்துக்கொள்வேன்.

புதுப் படம் போன வருஷம் வந்தது. டிரேவரின் மகள் டீனா அவனுக்கு டிவியில் போட்டுக் கொடுத்திருந்தாள். அதில் தெரு முழுக்கச் சேறு. மார்ஷலுக்கு இருமல், பல் கறுத்திருக்கிறது. டட்டன் குனிந்து குதிரையின் குளம்பில் சிக்கிய கல்லை எடுத்துக்கொண்டிருக்கிறான். மார்ஷல் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து அவன் முதுகில் சுடுகிறார். பிறகு ஒரு துப்பாக்கியை எடுத்து அவன் கையில் திணிக்கிறார். பிறகு போய் சூப் குடிக்கிறார்.

டிரேவருக்கு இந்தப் படம் பிடித்துவிட்டது. அங்கேதான் எங்களுக்குள் விரிசல் விழுந்தது.

படத்தை விட்டுவிட்டு எங்கள் தெருவுக்கு வருகிறேன். வங்கி வேலை முடிந்த பிறகு தெருவை நான்தான் பார்த்துக்கொண்டேன். யாரும் கேட்டுக்கொள்ளவில்லை, சம்பளமும் கிடையாது. சர்ச் குழாய்களைக் கழற்றி விற்கும் ஆள் ஒருவன் இருந்தான். ஒருநாள் காலை பித்தளைக் குழாயோடு அவனைப் பிடித்தேன். கைகளைப் பின்னால் இழுத்துக் கரண்ட் கம்பத்தோடு கட்டினேன். துப்பாக்கிக் கட்டையால் விரல்களில் அடித்தேன், ஒவ்வொரு விரலாக, கம்பத்தோடு வைத்து. அவன் கத்தியதில் எல்லா வீட்டுக் கதவும் திறந்தது. யாரும் தடுக்கவில்லை. ஒரு வீட்டிலிருந்து எனக்குக் காபி வந்தது. அந்த வருஷம் கன்னட ராஜ்யோத்சவ விழாவுக்குத் தெருவில் மேடை போட்டு எனக்குச் சால்வை போர்த்தினார்கள்.

அந்த ஆளைப் பிறகு மேம்பாலத்துக்குக் கீழே பார்த்தேன். விரல்கள் மடங்கியே இருந்தன. திருட்டை விட்டுவிட்டான் என்று தெரிந்துகொண்டேன்.

அடித்தது எனக்குப் பிடித்திருந்ததா என்று கேட்டீர்கள். வேலை சுத்தமாக முடிந்தால் யாருக்கும் பிடிக்கும்.

ராகேஷ் வந்த பிறகுதான் தெரு கெட்டது. எதிர்வீட்டு லட்சுமம்மா மாடி அறையை அவனுக்கு வாடகைக்கு விட்டிருந்தாள். பைக்கில் சாப்பாடு டெலிவரி செய்பவன். அந்த பைக்கின் சைலன்சரைக் கழற்றி வேறு ஏதோ மாட்டியிருந்தான். கிளப்பினால் எங்கள் வீட்டு ஜன்னல் கண்ணாடி அதிரும். வண்டியை எங்கள் கேட் ஓரமாகத்தான் நிறுத்துவான். நோரா அவனுக்குப் பரிந்து பேசுவாள். மழையில் பஸ் ஸ்டாப்பிலிருந்து அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறான், கேஸ் சிலிண்டரை உள்ளே கொண்டுவந்து வைத்திருக்கிறான். இப்படிப்பட்டவர்கள் முதலில் பெண்களைத்தான் பிடிப்பார்கள். வீட்டுக்குள் எது எங்கே இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்வார்கள். நோராவுக்கு அது புரியவில்லை.

ஒரு சாயங்காலம் கேட்டைத் திறக்க முடியாதபடி வண்டியை நிறுத்தியிருந்தான். லட்சுமம்மாவும் பக்கத்து வீட்டு ஃபிராங்க்ளினும் தெருவில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் ராகேஷைக் கூப்பிட்டு, கையை ஓங்கினேன். ஓர் அறை, அவ்வளவுதான் நினைத்தது.

அவன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

முறுக்கவில்லை. வலிக்கவும் இல்லை. அதுதான் விஷயம். குழந்தை கையைப் பிடிப்பதுபோலப் பிடித்து, மெதுவாகக் கீழே இறக்கிவிட்டான்.

"ஸாரி அங்கிள், வண்டி எடுத்துடறேன். ஸ்வல்ப கூல் ஆகுங்க. பிபி ஏறிடும்."

லட்சுமம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சிரித்தாளா என்று எனக்குத் தெரியாது. ஃபிராங்க்ளின் வேறு பக்கம் பார்த்தான். சால்வை போர்த்தியவர்களில் அவனும் ஒருவன்.

அன்றிலிருந்து கடைக்குப் போனால் முதலில் என் மணிக்கட்டைத்தான் பார்க்கிறார்கள் என்று தோன்றும். முழுக்கைச் சட்டை போட ஆரம்பித்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நோரா தங்கவயலுக்குப் போயிருந்தாள், ஒரு குழந்தையின் ஞானஸ்நானத்துக்கு. நான் தனியாக இருக்கிறேனே என்று டிரேவர் பிரியாணி வாங்கிக்கொண்டு வந்தான். கிரிக்கெட் மேட்ச் இருந்ததால் தெருவே வீட்டுக்குள் அடைந்திருந்தது. சாப்பிட்டு முடித்ததும் டிரேவர், "மாப்ளே, இன்னிக்கு ஒரு வேலை பண்ணுவோம். ரெண்டு படத்துலயும் அந்த சீனை மட்டும் போட்டுப் பாப்போம்" என்றான்.

பார்த்தோம். முதலில் பழையது, அடுத்து புதியது. பிறகு மறுபடியும். நான் சொன்னேன், பழைய படத்தில்தான் மார்ஷல் இருக்கிறார், புதியதில் இருப்பவன் கசாப்புக்காரன் என்று.

"ரெண்டும் ஒரே ஆள்தான்டா" என்றான் டிரேவர். "பழைய படம் எடுத்தவன் மார்ஷல் சொன்னதைக் கேட்டு எடுத்தான். புதுசு எடுத்தவன் செத்தவன் பக்கம் போய்ப் பாத்து எடுத்தான். அவ்ளோதான் வித்தியாசம்."

"அப்படின்னா டட்டன் திரும்பலையா?"

"எங்கடா திரும்புறது? அவன் திரும்பினான்னு காட்டினாதான் நாம நிம்மதியா வீட்டுக்குப் போய்த் தூங்குவோம். அதுக்காகத் திருப்பிவிட்டான்."

அவன் அத்தோடு விட்டிருக்கலாம். டிரேவர் நல்லவன், மேடம். ஆனால் ஒரு விஷயத்தை எங்கே நிறுத்துவது என்று தெரியாதவன்.

"கோவிச்சுக்காத மாப்ளே" என்றான். "குழாய் திருடினவனை நீ அடிச்சேயில்ல, அதைக்கூட எல்லார்கிட்டயும் சண்டை மாதிரிதான் சொல்றே. அவன் கை ரெண்டும் பின்னாடி கட்டிக் கிடந்துச்சு. நோரா எங்கிட்ட சொல்லி அழுதா."

நோரா அழுதது எனக்குத் தெரியாது. அண்ணனிடம் போய் அழுதிருக்கிறாள்.

அப்போதுதான் வெளியே அந்த பைக் சத்தம் கேட்டது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. எட்டிப் பார்த்தேன். ராகேஷ் எங்கள் கேட்டுக்கு நேரே வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, பின்சக்கரத்தின் பக்கத்தில் குந்தி, செயினில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு கையால் ஆக்ஸிலேட்டரை முறுக்குவதும் மறுபடி குனிவதுமாக இருந்தான். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. முதுகு இந்தப் பக்கம்.

நான் உள் அறைக்குப் போனேன். என் இரட்டைக்குழல் துப்பாக்கி பீரோவுக்குப் பின்னால் இருக்கும். லைசென்ஸ் ஒழுங்காகப் புதுப்பித்திருக்கிறேன், தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டுத் திரும்ப வாங்குவேன், உங்கள் ஆட்களுக்கே தெரியும். தோட்டா நோராவின் கல்யாணப் புடவைக்கு அடியில் இருந்தது. இரண்டு குழலிலும் போட்டேன். கோபம் இல்லை. முழுக்கைச் சட்டையின் கைகளை மடித்துவிட்டுக்கொண்டேன், அது நினைவிருக்கிறது.

டிரேவர் பாத்ரூமில் கை கழுவிக்கொண்டிருந்தான்.

கேட்டைத் திறந்து தெருவில் இறங்கினேன். வெயில் நன்றாக இருந்தது. நடுத்தெருவில் போய் நின்றேன். "ராகேஷ், திரும்பு" என்றேன்.

சத்தமாகச் சொன்னேனா என்று அன்றைக்கே உங்கள் சப்-இன்ஸ்பெக்டர் கேட்டார். சத்தம் போட்டுக் கூப்பிடும் பழக்கம் எனக்குக் கிடையாது. மரியாதை தெரிந்தவர்களுக்கு மெதுவாகச் சொன்னாலே போதும். வண்டி சத்தத்தில் கேட்டிருக்காது என்றால், அந்த சைலன்சரைக் கழற்றியது நானா? பெரியவர்கள் வெளியே வந்தால் ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லையா?

காத்திருந்தேன். அவன் கை எதையோ எடுக்கப் போனது. ஸ்பேனர் என்று பிறகு தெரிந்தது. போன கையைப் பார்த்ததும் வலது குழலால் சுட்டேன்.

அவன் வண்டிமேல் சாய்ந்தான். வண்டியும் அவனுமாகச் சரிந்தார்கள். இஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது, பின்சக்கரம் சுழன்று அவன் சட்டையைப் பிடித்து இழுத்தது. நான்தான் போய்ச் சாவியைத் திருப்பி அணைத்தேன். தெரு அவ்வளவு அமைதியாக இருந்து நான் கேட்டதில்லை. யாரும் வெளியே வரவில்லை. மேட்ச் ஜெயித்ததற்குப் பட்டாசு என்று நினைத்தார்களாம்.

டிரேவர் ஈரக் கையோடு ஓடிவந்தான். பார்த்ததும் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு என்னைத் தாண்டிப் போய் மண்டியிட்டு, ராகேஷின் ஹெல்மெட்டைக் கழற்றி, தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டான். பையனுக்கு உயிர் இருந்தது. வாயில் நுரையோடு ரத்தம் வந்தது.

"நீரு" என்றான். "அங்கிள், நீரு." யாரிடம் கேட்டான் என்று தெரியவில்லை. நாங்கள் இருவருமே அவனுக்கு அங்கிள்தான்.

"இன்னா காரியம்டா பண்ணிட்டே" என்றான் டிரேவர். கை துடைக்க எடுத்த துண்டைப் பையன் முதுகில் வைத்து ஒரு கையால் அழுத்திக்கொண்டு மறு கையால் போனைத் தடவினான். விரல் ரத்தத்தில் வழுக்கி நம்பர் விழவில்லை. "தண்ணி கொண்டா. ஆம்புலன்சுக்குப் போடு. நிக்காதடா."

நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "மச்சான், அவன் திரும்பினான்ல?"

"என்ன?"

"ஹாலில இருந்து பாத்தா தெருவே தெரியும். நீ பாத்திருப்பே. அவன் திரும்பினான்ல?"

டிரேவர் என்னை நிமிர்ந்து பார்த்தான். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்த நாளிலிருந்து எனக்குத் தெரிந்த முகம். அவன் ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லியிருந்தால் இன்றைக்கு உயிரோடு இருப்பான். சொந்தத் தங்கையின் புருஷனுக்கு அதைச் செய்வதில் என்ன கஷ்டம்?

"இல்ல" என்றான். "பாத்ரூம்லருந்து வரும்போது ஜன்னல் வழியா பாத்தேன். நீ வந்ததே அந்தப் பையனுக்குத் தெரியாது. பின்னாலருந்து சுட்டுட்டே, ஓஸ்வால்ட்."

மாப்ளே என்று சொல்லவில்லை. பெயரைச் சொன்னான்.

"யோசிச்சுச் சொல்லு மச்சான்."

"யோசிக்க ஒண்ணுமில்ல. யார் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன். மொதல்ல தண்ணி கொண்டா."

இடது குழலில் தோட்டா இருந்தது. டிரேவரை நான் எதிரில் நின்று, அவன் கண்ணைப் பார்த்துத்தான் சுட்டேன். அவ்வளவு கிட்டத்தில் தவறாது. மண்டியிட்டபடியே பின்னால் சாய்ந்தான், ராகேஷின் தலை அவன் மடியிலிருந்து ரோட்டில் விழுந்தது. அந்தச் சத்தம் மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை.

பிறகு சமையலறைக்குப் போய் ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்தேன். தண்ணீர் கேட்டவனுக்குக் கொடுக்காமல் இருக்க எனக்கு மனசு வராது. வரும்போது கத்தியையும் எடுத்துவந்தேன். தண்ணீரைக் குடிக்கும் நிலையில் ராகேஷ் அப்போது இல்லை. உதட்டை நனைத்துவிட்டேன். கத்தியை அவன் கையில் வைத்து விரல்களை மூடினேன். அது அவனிடம் இருந்திருக்க வேண்டிய கத்தி. அப்படிப்பட்டவன் கத்தி இல்லாமல் இருந்தது ஒரு தற்செயல்தான்.

அதன் பிறகுதான் உங்கள் ஸ்டேஷனுக்கு போன் செய்தேன். திரும்பச் சொன்னேன், கத்தியோடு பாய்ந்தான், சுட்டேன், நடுவில் வந்த டிரேவர்மேல் பட்டுவிட்டது என்று சொன்னேன். அதை எல்லோரும் நம்பினார்கள். லட்சுமம்மாகூட, "அந்தப் பையன் அப்படியா?" என்று அழுதாளே தவிர, இல்லை என்று சொல்லவில்லை.

நோரா வந்ததும்தான் அது குலைந்தது. தங்கவயலிலிருந்து அப்படியே ஸ்டேஷனுக்கு வந்தாள், ஞானஸ்நானத்துக்குக் கட்டிய புடவையோடு. நீங்கள் கவருக்குள் இருந்த கத்தியைக் காட்டினீர்கள். அவள் வெகுநேரம் அதைப் பார்த்தாள்.

"இது நான் மீன் அரியிற கத்தி, மேடம்" என்றாள். "பிடி உடைஞ்சு நான்தான் கம்பி சுத்தினேன்."

அதை அவள் சொல்லியிருக்க வேண்டியதில்லை. அண்ணன் போய்விட்டான், புருஷனாவது மிஞ்சட்டும் என்று எந்தப் பெண்ணும் நினைப்பாள். நான் அவள்மேல் வருத்தப்படவில்லை.

போவதற்கு முன் என் பக்கம் வந்தாள். "அண்ணன் கடைசியா இன்னா சொன்னாரு?" என்று கேட்டாள்.

"டீனாவைப் பாத்துக்கோன்னு சொன்னான்" என்றேன்.

அது நடந்ததல்ல. ஆனால் கேட்கிறவளுக்கு ஏதாவது வேண்டுமே. கண்ணியமாக ஒன்று கொடுத்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நம்பினாளா தெரியவில்லை. இன்றுவரை என்னைப் பார்க்க வரவில்லை. வருவாள். கொஞ்ச நாள் ஆகும்.

இரண்டு பேரையும் சுட்டது நான். கத்தியை வைத்ததும் நான். இதில் எதையும் மறைக்கவில்லை, எங்கே கேட்டாலும் இதையே சொல்வேன். எந்தத் தண்டனையானாலும் நின்று வாங்கிக்கொள்வேன், அதற்குப் பயந்தவன் இல்லை.

ஒரே ஓர் இடத்தில்தான் நீங்கள் எழுதியிருப்பது எனக்குச் சம்மதமில்லை. ராகேஷுக்குக் காயமெல்லாம் முதுகில் என்று டாக்டர் எழுதியிருக்கிறார் என்கிறீர்கள். படித்தவர், நல்லவராகவும் இருப்பார். ஆனால் அவர் அன்றைக்கு அங்கே இல்லை. அங்கே இருந்தது நாங்கள் மூன்று பேர். அவர்கள் இருவரும் வந்து எதுவும் சொல்லப்போவதில்லை. மிச்சம் இருப்பவன் நான்தான். அதனால் அந்த வரியை அடித்துவிட்டு இப்படி எழுதிக்கொள்ளுங்கள், மேடம். நான் கூப்பிட்டேன். அவன் திரும்பினான்.